நத்தார்ச் சிவப்பு

சளி சிவப்பாக வந்தால் யாருக்கும் முதலில் இரத்தம் என்றுதான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கை கழுவும் தொட்டியில் துப்பியதைக் குனிந்து பார்த்தேன். முதல்நாள் பின்னேரம் மூன்றாம் இலக்கப் பீப்பாயிலிருந்து நான் அள்ளி நிறுத்துக் கொடுத்த அதே சிவப்பு. கொஞ்சம் மஞ்சள் கலந்த, கிறிஸ்மஸுக்கு விற்கிற நத்தார்த் துவாய்களுக்குப் போகிற சிவப்பு. குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அது எண்பத்தாறாம் ஆண்டு, குளிர் தொடங்கிய மாதம். இப்போது இரண்டு வருடமாகிறது. மூச்சு பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போதும் யாராவது வாசனைத் தைலம் பூசிக்கொண்டு பக்கத்தில் இருக்கும்போதும் மட்டும் நெஞ்சு பிடிக்கும். என் அகதி வழக்கு இன்னும் இழுபடுகிறது. வேலை செய்ய அனுமதி இல்லை, நேரம் மட்டும் தாராளமாகக் கிடக்கிறது. என்னைப் போலக் களவாக வேலைக்குப் போய் இருமிக்கொண்டிருக்கிற ஒருவராவது வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன். தொழிற்சாலையையும் ஆஸ்பத்திரியையும் பெயர் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். எழுதலாமா என்று அத்தானிடம் கேட்டேன். "எழுது. ஆனா என்னை நல்லவனாக்கி எழுதாதை" என்றார்.

அத்தான் என் அக்காவின் கணவர். குணம் என்று வைத்துக்கொள்வோம். எழுபத்தொன்பதிலேயே ஜெர்மனிக்கு வந்துவிட்டவர். அவரிடம் வேலை அனுமதிப் பத்திரம் இருந்தது. எசனுக்குப் பக்கத்தில், குளித்துத் துடைக்கிற துவாய்களுக்குச் சாயம் போடும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து ஹைமில், அதாவது அகதிகளை வைத்திருக்கும் விடுதியில், கட்டிலே கதியென்று கிடந்தேன். அகதி விண்ணப்பம் போட்டவன் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். அத்தானுக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் இன்னும் நல்ல வேலை கிடைத்தபோது, துவாய்த் தொழிற்சாலையை விட மனமில்லாமல் அங்கே என்னை அனுப்பினார். அவருடைய பெயர், அவருடைய பத்திரம், என்னுடைய உடம்பு.

அத்தானுக்கு அடர்ந்த மீசை. எனக்கு மீசை ஒழுங்காக முளைக்காது. அவரைவிட நான் ஒரு சாண் உயரம். மேற்பார்வை பார்க்கும் மைஸ்டர் முதல்நாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "குணா?" என்று கேட்டார். "யா" என்றேன். அதோடு விஷயம் முடிந்தது. அவருக்கு வேலை நடந்தால் சரி.

என்னை விட்ட இடத்துக்கு ஜெர்மன்காரர் வைத்த பெயர் சாயக் குசினி. பெயர் பொருத்தந்தான். தராசு, வாளி, அகப்பை, சுவரில் செய்முறை எழுதிய அட்டைகள். அட்டையைப் பார்த்து ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் தூளை அள்ளி நிறுத்து, வாளியில் கொட்டி, சுடுதண்ணீர் விட்டுக் கரைத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதைத் துவாய் கிடக்கிற பெரிய இயந்திரத்துக்குள் ஊற்றி, உப்பும் சோடாவும் சேர்ப்பார்கள். பருத்தியைப் பிடித்தால் பிறகு விடாத வகைச் சாயம் அது. எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. தூள் மிக மெல்லிசு. பீப்பாய் மூடியைத் திறந்தவுடனேயே எழும்பி நிற்கும். ஆளுக்கொரு கடதாசி முகமூடி தந்திருந்தார்கள். அதைப் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று எல்லோரும் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். நானும் மாட்டினேன்.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. துவாய் மடிக்கிற வேலை என்று நானும் அத்தானும் சேர்ந்து சொல்லி வைத்திருந்தோம்.

ஆறு மாதம் ஒன்றுமில்லை. பிறகு இருமல் வந்தது. திங்கட்கிழமை மெல்லத் தொடங்கும், வெள்ளிக்கிழமை நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரிச் சத்தம் கேட்கும், ஞாயிற்றுக்கிழமை குறைந்துவிடும். குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். ஹைமில் எல்லோரும் இருமினார்கள். நத்தார் நெருங்க, கடைகளுக்குச் சிவப்புத் துவாய் போதவில்லை என்று நாள் முழுக்கச் சிவப்பே நிறுத்தோம். என் தலையணை உறைகூட மெல்லிய ரோசா நிறமாகிவிட்டது.

தொட்டியில் சிவப்பாகத் துப்பிய அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நாலாம் மாடி. மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு எடுக்க ஏலவில்லை. படியில் குந்திவிட்டேன். இருமல் கேட்டுக் கதவைத் திறந்து இறங்கி வந்த அக்கா, நான் வாயைத் துடைத்த லேஞ்சியைப் பார்த்துவிட்டாள். வெள்ளை லேஞ்சி முழுக்கச் சிவப்பு.

"ஐயோ ஜெயம், ரத்தமடா" என்றாள்.

அந்த இடத்திலேயே, சாயம் அக்கா, என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மூச்சு இல்லை. அத்தானும் வீட்டில் இல்லை. மடிக்கிற வேலை என்று சொன்ன பொய்யை அவரில்லாமல் எப்படி அவிழ்ப்பது என்றும் யோசித்தேன். அதற்குள் அவள் கீழ்வீட்டு ஜெர்மன் பெண்ணின் கதவைத் தட்டி, டாக்சிக்குச் சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் வரிசையாகக் கதிரைகள். என் இருமலைக் கேட்டு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். எழுத்துவேலை செய்யும் பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: பெயர்? என் பெயரைச் சொன்னேன். வெகுநாளைக்குப் பிறகு ஜெர்மன்காரர் ஒருவருக்கு என் சொந்தப் பெயரைச் சொன்னது அன்றுதான். தொழில்? வேலை இல்லை, அகதி விண்ணப்பதாரர். அது முதற் பொய்.

உள்ளே ஒரு பெண் டொக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும், தானும் நித்திரை கொண்டு கனநாளான முகம். டொக்டர் கெர்லாக் என்று சட்டையில் எழுதியிருந்தது. முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். சளியைப் பார்த்தார். என் நகங்களைப் பார்த்தார். எவ்வளவு உரஞ்சியும் நகத்தைச் சுற்றிச் சிவப்புப் போகவில்லை. இது என்ன என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது மருதோன்றி. ஜெர்மன் சொல் தெரியாமல், "கலியாணம், இலை, அரைத்து" என்று கையால் காட்டினேன். பக்கத்தில் நின்ற தாதிக்கு விளங்கிவிட்டது. துருக்கிக்காரரும் கலியாணத்துக்குப் போடுவார்கள் என்று டொக்டருக்கு விளக்கினாள். யாருக்குக் கலியாணம் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். மச்சானுக்கு என்றேன். அன்றிலிருந்து அந்தத் தாதி என்னைக் காணும்போதெல்லாம் மாப்பிள்ளை எப்படி என்று விசாரிப்பாள். நல்ல மனுஷி. அவள் கேட்கிறபோதெல்லாம் எனக்கு எங்காவது போய் ஒளிக்கலாம் போல இருந்தது.

எக்ஸ்றே எடுத்தார்கள். வலது நெஞ்சின் மேற்பகுதியில் ஒரு தழும்பு. சின்ன வயதில் எப்போதோ வந்து தானே ஆறிய எதுவோ. அகதி, மெலிந்த உடம்பு, தழும்பு, சிவப்புச் சளி. நான் டொக்டராக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். காசநோய். ஊரில் கசம் என்போம். ஊரில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள். என்னைத் தனி அறையில் விட்டுக் கதவைப் பூட்டி, கதவில் மஞ்சள் அட்டை ஒன்றை ஒட்டினார்கள். வருகிற எல்லோர் முகத்திலும் முகமூடி.

பிறகு நாட்கள். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் என்னென்னவோ எழுதுகிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அலுப்புத்தான். காலை ஐந்தரைக்கு வெப்பமானி. ஆறுக்குச் சளிக்கு ஒரு மூடிப் போத்தல். மூன்று காலை தொடர்ந்து எடுத்தால்தான் சோதனை நிறைவு. அதைவிட இன்னொரு பங்கை ஒரு வகைக் கூழில் விட்டு வளர்ப்பார்கள், கிருமி இருந்தால் முளைக்கும், அதற்கு ஆறு கிழமை வேண்டும் என்றார்கள். கையில் ஒரு மருந்தைக் குத்தி, வீங்குகிறதா என்று பார்த்தார்கள். வீங்கியது. எங்கள் ஊரில் பிறந்து கசத் தடுப்பூசி போட்ட எவனுக்கும் வீங்கும் என்று பிறகுதான் அறிந்தேன். பின்னேரம் ஐந்துக்கே இராச்சாப்பாடு வந்துவிடும். குளிர்ந்த பாண், இரண்டு துண்டு சீஸ், சீனி போடாத வெறும் தேத்தண்ணீர். அதற்குப் பிறகு பன்னிரண்டு மணித்தியாலத்துக்குச் சுவர்.

அக்கா ஒவ்வொரு நாளும் வந்தாள். உள்ளே விட மாட்டார்கள். கதவிலிருந்த சின்னக் கண்ணாடிக்கு அப்பால் நிற்பாள். இடியப்பமும் சொதியும் தாதியிடம் கொடுத்துவிடுவாள். சொதி ஆறிப்போகாமல், பிள்ளைக்குப் பால் கொண்டுபோகிற சுடுதண்ணிப் போத்தலில் வரும். சாப்பிட்டு முடிக்குமட்டும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். அவள் கண்ணீரைத் துடைப்பது கண்ணாடியால் தெரியும். நான் சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

வியாழக்கிழமை போல எனக்கு மூச்சு நல்லாய்விட்டது. மருந்து எதுவும் பெரிதாகத் தரவில்லை. தூள் இல்லாத காற்று, அவ்வளவுதான். சளி இரண்டாம் நாளே வெளுத்துவிட்டது. டொக்டர் கெர்லாக் வந்து கட்டில் ஓரத்தில் நின்று என்னையே பார்த்தார். முதல்நாள் சளியைச் சோதித்ததில் இரத்தமே இல்லை என்று ஆய்வுகூடம் எழுதியிருக்கிறது என்றார். சிவப்பாக ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார். பீற்றூட் கறி என்றேன். சாப்பிட்டது வயிற்றுக்குப் போகும், நெஞ்சுக்கு எப்படிப் போகும் என்று எனக்கே விளங்கியது. அவர் என் கோப்பில் எதையோ எழுதி அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஊரில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவனின் பெயர் புத்தகத்தில் ஏறினால், அந்தப் புத்தகத்தை யார் வந்து புரட்டுவார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். டொக்டருக்குச் சொன்னது அரசாங்கத்துக்குச் சொன்னது என்று பழகிப்போன ஆட்கள் நாங்கள். இங்கே அப்படி இல்லை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அத்தானுக்கும் தெரியாது.

அத்தான் தாதியிடம் கெஞ்சிக் கேட்டு, முகமூடி போட்டுக்கொண்டு ஒருநாள் உள்ளே வந்தார். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"தூள் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதை."

"வேறை என்னண்டு அத்தான் சொல்லுறது? அவ சந்தேகப்படுறா."

"வேலை அனுமதியை இன்னொருத்தனுக்குக் குடுத்தது தெரிஞ்சா பறிச்சுப்போடுவாங்கள். என்ரை விசா தை மாதம் முடியுது. புதுப்பிக்க மாட்டாங்கள். அக்கா, பிள்ளை எல்லாரையும் கொழும்புக்கு ஏத்திவிடுவாங்கள். இப்ப கொழும்பிலை போய் இறங்க ஏலுமோ சொல்லு?"

ஏலாது. அது எனக்குத் தெரியும். அவர் என்னை மிரட்டவில்லை. அவருக்கு என்னைவிடக் கூடப் பயம். சரி என்று தலையாட்டினேன். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் யோசிக்காத ஒன்று இருந்தது. இங்கே கசம் என்று சந்தேகித்தால் அது ஆஸ்பத்திரியோடு நிற்காது, அரசாங்கத்தின் சுகாதாரக் கந்தோருக்குப் போகும். அவர்கள் ஹைமுக்கு வந்து எல்லோரையும் எக்ஸ்றேக்கு ஏற்றினார்கள். அறுபது பேர் குளிருக்குள் வரிசையில் நின்று என்னைத் திட்டியிருப்பார்கள். அது பரவாயில்லை. அடுத்ததாக அக்கா வீட்டுக்குப் போனார்கள்.

அக்காவின் மகள் தர்ஷினிக்கு அப்போது நாலு வயது. அவளுக்கும் கையில் குத்திப் பார்த்தார்கள். அவளும் தடுப்பூசி போட்ட பிள்ளைதான், வீங்கியது. அந்த நேரம் பாலர் பள்ளியில் பிடித்த தடிமன் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, பிள்ளையையும் சோதிக்க வேண்டும் என்று அதே ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் பகுதிக்கு வரச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது. விழுங்கிவிடுவார்கள். ஆகவே காலையில், தண்ணீரும் குடிக்க விடாமல், மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை வயிறுவரை இறக்கி, இரவு விழுங்கிய சளியை உறிஞ்சி எடுப்பார்கள். பெரியவர்களைப் போலத்தான், மூன்று காலை.

முதற்காலை முடிந்து அக்கா கண்ணாடிக்கு அப்பால் வந்து நின்றாள். அன்று சாப்பாடு இல்லை. சத்தமாகக் கதைத்தால் எனக்குக் கேட்கும். "ரெண்டு பேர் பிடிச்சவை" என்றாள். "கையை ஒராள், தலையை ஒராள். அம்மா வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல விட்டவை. என்னையும் பிடிக்கச் சொன்னவை, ஜெயம். நானும் பிடிச்சனான்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு காலை இருந்தது. அன்று பின்னேரம் அத்தான் வந்தார், கண் சிவந்து போயிருந்தது. நான் வாய் திறக்க முன்னமே, "இன்னும் ரெண்டு நாள்தானே" என்றார். தன் பிள்ளையைப் பற்றித்தான் சொல்கிறார். என்னை நல்லவனாக்காதே என்று இப்போது அவர் கேட்டது இதற்காகத்தான். நானும் ஒன்றும் குறைந்தவன் இல்லை. ஓம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் தரம். புதன்கிழமை மூன்றாம் தரம். பிள்ளைகள் பகுதி என் யன்னலுக்கு நேரே, முற்றத்துக்கு அப்பால். எந்த அறை என்று தெரியாது. ஆறரை மணிக்கு வெளிச்சம் போடுகிற யன்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருமல் கூட வரவில்லை.

புதன் பின்னேரம் டொக்டர் கெர்லாக் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். அடுத்தநாள் எனக்கொரு பரிசோதனை வைத்திருந்தார்கள். தொண்டை வழியாகக் கமெரா வைத்த குழாயை நுரையீரலுக்குள் விட்டுப் பார்ப்பது. அதற்கு நான் விளங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். மொழிபெயர்க்க வந்தவர் முரளி, ஈரோட்டுக்காரர், பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்கிறவர். முகமூடிக்குள்ளாலும் சிரிப்புத் தெரிகிற ஆள்.

"பயப்படாதீங்க சார், லோக்கல் அனஸ்தீஷியா குடுப்பாங்க. கொஞ்சம் டிஸ்கம்ஃபர்ட் இருக்கும், அவ்வளவுதான்" என்றார்.

சளிச் சோதனை மூன்றிலும் ஒன்றுமில்லை, அப்படியிருந்தும் ஏன் குழாய் என்று கேட்டேன். அவர் டொக்டரிடம் கேட்டு, தனக்குப் பிடித்த விஷயம் வந்துவிட்டது போல விளக்கத் தொடங்கினார்.

"டெஸ்ட் எப்படிப் பண்றாங்கன்னா, சளியைக் கண்ணாடித் துண்டுல தடவி அது மேல சிவப்பு டை ஊத்துவாங்க. கீழ நெருப்புக் காட்டி, ஆவி வர்ற வரைக்கும் சூடு பண்ணுவாங்க. அப்புறம் ஆசிட் விட்டுக் கழுவுவாங்க. மத்த எல்லாத்துலயும் கலர் போயிடும். டி.பி. கிருமி மட்டும் பிடிச்ச கலரை விடாது. மைக்ரோஸ்கோப்ல சிவப்பா நிக்கும். பாருங்க சார், துணிக்குன்னு நிலக்கரித் தார்ல இருந்து இவங்க கண்டுபிடிச்ச சாயம், கடைசியில கிருமியைக் காட்டிக் குடுக்குது. ஆனா கிருமி கம்மியா இருந்தா இந்த டெஸ்ட்ல தப்பிச்சிரும். அதனாலதான் ஸ்கோப்."

நான் மூன்று நாள் நித்திரை கொள்ளவில்லை. அவர் சொன்னதில் எனக்குக் கேட்டதெல்லாம் சாயம், சூடு, கழுவுதல். பத்து மாதம் தினமும் கேட்ட சொற்கள். வாய் தன்பாட்டில் கேட்டது.

"சாயம் விட்டாப்பிறகு, அமிலத்துக்கு முதல், பச்சைத் தண்ணியிலை எத்தினை தரம் அலசுறவை?"

"என்ன சார்?"

"பிடிக்காத சாயம் மேலாலை ஒட்டிக்கொண்டு நிக்குமெல்லோ. தண்ணி தெளியுமட்டும் அலசாட்டில் பிடிச்சது எது, சும்மா ஒட்டினது எது எண்டு தெரியாது."

முரளி என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "எங்க ஊர்ல சாயப் பட்டறைக்காரங்கதான் சார் இப்படிக் கேப்பாங்க" என்றார். பிறகு டொக்டரின் பக்கம் திரும்பி, நான் கேட்டதை ஒன்றும் விடாமல் ஜெர்மனில் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குத்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் படிவத்தைக் கட்டிலில் வைத்தார். என் கோப்பின் முதற் பக்கத்துக்குப் போய், தான் போட்ட கேள்விக்குறியைப் பார்த்தார். பிறகு எனக்கு விளங்கும்படி மெதுவாக, "எந்தச் சாயம்?" என்று மட்டும் கேட்டார். எங்கே வேலை, யாருடைய பெயரில் என்று கேட்கவில்லை. நான் கைகள் இரண்டையும் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பீப்பாய், தூள், ஆணியில் தொங்கிய முகமூடி, திங்கள் தொடங்கி ஞாயிறு குறைகிற இருமல். பெயர் விஷயத்தையும் சொன்னேன். சொல்லிவிட்டு, இனிப் பொலிசுக்கு அறிவிப்பீர்களா என்று கேட்டேன். முரளி அதை மொழிபெயர்க்கவே இல்லை.

"சார், இங்க பேஷண்ட் சொன்னதை டாக்டர் வெளிய சொன்னா, டாக்டருக்குத்தான் பனிஷ்மென்ட். அது லா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பன்னிரண்டு நாளைக்கு முதல் தெரிந்திருந்தால். இதை வாசிக்கிற தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். என்ன வேலை செய்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ.

டொக்டர் என்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதுகிற வேகத்தை அளக்கிற பெட்டி அது. ஒரு மருந்தை உறிஞ்சவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். வித்தியாசம் தெரிந்தது. ஆஸ்துமா என்றார். மூச்சுக்குழல்கள் ஒரு பொருளை எதிரி என்று ஒருதரம் முடிவு செய்துவிட்டால், பிறகு அது துளி பட்டாலும் இறுகிக்கொள்ளும். துவாயைப் பிடிக்கிற சாயம் நெஞ்சுக்குள்ளும் அப்படித்தான் பிடிக்கிறது, இனி அந்தக் குசினிப் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது. நாளைய குழாய்ப் பரிசோதனை தேவையில்லை என்று படிவத்தைக் கிழித்தார்.

வேலையில் பிடித்த நோய் என்று எழுதினால் அதற்கென்று இருக்கும் காப்புறுதிக்கு அறிவிக்க வேண்டி வரும், அவர்கள் தொழிற்சாலைக்குப் போவார்கள், பெயர் கேட்பார்கள் என்றார். எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வெகுநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஆஸ்துமா, காரணம் தூசு என்று எழுதினார். எனக்குப் பிறகு அந்தத் தராசில் யார் நின்றான் என்று எனக்குத் தெரியாது. அதை இன்றும் நினைப்பேன்.

கதவிலிருந்த மஞ்சள் அட்டையைக் கழற்றினார்கள். அன்று பின்னேரம் முதல் தடவையாக அக்கா முகமூடி இல்லாமல் அறைக்குள் வந்தாள். பிள்ளையை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். நீலக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பின்னால் அத்தான்.

"கசம் இல்லையாம் அக்கா" என்றேன்.

அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். கட்டிலில் இருந்து அழுதாள். என் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். அழுது முடிந்த பிறகுதான் அவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

"அப்ப அந்த ரத்தம்?"

"ரத்தமில்லை. சாயம். நான் அங்கை துவாய் மடிக்கேல்லை அக்கா. சாயத்தூள் நிறுக்கிறனான்."

அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் யன்னலால் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு எப்ப தெரியும், சாயம் எண்டு?"

இன்றைக்குத்தான் டொக்டர் கண்டுபிடித்தார் என்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு நாள் ஜெர்மனில் மருதோன்றி, பீற்றூட் என்று வாய் கூசாமல் சொன்னவன் நான். அக்காவின் முகத்துக்கு நேரே, தமிழில், எனக்கு வரவில்லை.

"முதல் நாளே தெரியும்."

அவள் என்னை அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளையின் தொப்பியைக் கழற்றி, கலைந்த தலைமயிரைக் கையால் நீவிவிட்டாள்.

"எனக்கொண்டும் சொல்ல வேண்டாம். அவளுக்குச் சொல்லு" என்றாள்.

தர்ஷினி கட்டிலடிக்கு வந்தாள். குழாய் அசையாமல் கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை எடுத்த இடம் சிவந்து, தோல் உரிந்திருந்தது. அவளைத் தூக்கி மடியில் வைத்தேன். அவள் என் மூக்கை விரலால் தொட்டுப் பார்த்தாள், அங்கே ஏதாவது காயம் இருக்கிறதா என்று.

"மாமா, உங்களுக்கும் குழாய் விட்டவையோ?"

"இல்லைப் பிள்ளை. எனக்கு விடேல்லை."

"ஏன்?" என்று கேட்டாள்.